எம்டன் கட்டுரையைச் சரிசெய்தது: முதலில் எண்கள், கடைசியில் தகவற்சட்டம்

1914 இல் சென்னைமீது குண்டு பொழிந்த ஜெர்மன் போர்க்கப்பல் எம்டனைப் பற்றிய தமிழ் விக்கிப்பீடியாக் கட்டுரை, வரைவுகளை எழுதிப் பார்க்கும் மணல்தொட்டியை விட்டு ஒருவழியாக வெளியே வந்துவிட்டது. விக்கிப்பீடியாவில் போர் வரலாறு எழுத உட்காருகிறவர்களுக்கு வரக்கூடிய சிக்கல்களில் பெரும்பாலானவை இந்த ஒரு கட்டுரையிலேயே எங்களுக்கு வந்தன: டன் குழப்பம், நாட்காட்டிக் குழப்பம், அதே பெயரில் வேறொரு கப்பலின் படங்கள், அப்புறம் எல்லோரும் நம்புகிற ஆனால் ஆதாரம் கிடைக்காத ஒரு செய்தி. அடுத்து இந்த வேலைக்கு வருகிறவர்களுக்குப் பயன்படட்டும் என்று நடந்த வரிசையிலேயே எழுதி வைக்கிறேன்.

வரைவு கையில் கிடைத்தபோது பார்க்க நன்றாகவே இருந்தது. நீளம் இருந்தது, தகவற்சட்டம் (கட்டுரையின் ஓரத்தில் வரும் சுருக்கப் பெட்டி) இருந்தது, அடிக்குறிப்புகள் வரிசையாக நின்றன. ஆங்கிலக் கட்டுரையை உள்ளடக்க மொழிபெயர்ப்புக் கருவியில் போட்டுப் பத்தி பத்தியாகத் திருத்தி எடுத்த வரைவு அது. அந்தக் கருவி அடிக்குறிப்புகளையும் கூடவே கொண்டுவந்துவிடும், சிக்கல் அங்கேதான். மேற்கோளில் இருந்த புத்தகங்களை எங்கள் குழுவில் ஒருவரும் திறந்து பார்த்திருக்கவில்லை. அந்தப் பக்கத்தில் அந்தத் தகவல்தான் இருக்கிறதா என்று யாராவது பேச்சுப் பக்கத்தில் (கட்டுரையைப் பற்றி விவாதிக்கும் இடம்) கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை. முதலில் நடையைச் சரிசெய்வோம், ஆதாரத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று கொஞ்ச காலம் போனோம். ஒரு பத்தியை நன்றாக எழுதி முடித்த பிறகு அதிலுள்ள எண்ணோ தேதியோ வேறு என்று தெரிந்தால் பத்தியையே பிரிக்க வேண்டியிருந்தது, அதனால் அந்த வழியை விட்டோம். (மொழிபெயர்த்து எடுக்கிறவர்களுக்கு ஒன்று: மூலக் கட்டுரையின் பெயரைத் சேமிக்கும்போது எழுதும் தொகுப்புச் சுருக்கத்தில் சொல்ல வேண்டும், உரிமம் அதைக் கேட்கிறது. கருவி தானாகவே செய்துவிடும், கையால் ஒட்டுகிறவர்கள்தான் விட்டுவிடுகிறார்கள்.)

எண்களுக்கு ஒரு பதிவேடு

வரைவை மூடிவிட்டு ஒரு விரிதாளைத் திறந்தோம். கட்டுரையில் வரும் ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு வரிசை. முதல் கட்டத்தில் எண், அடுத்து அலகு, அடுத்து அதைச் சொல்லும் நூல், பக்கம், அந்தப் பக்கத்தை எங்களில் யார் கண்ணால் பார்த்தது, கடைசியில் மாறுபட்டுச் சொல்லும் நூல் ஏதாவது உண்டா என்பது. இந்தக் கடைசிக் கட்டம்தான் எல்லாவற்றையும்விட அதிகமாக உதவியது.

முதல் வெற்றி கப்பலின் எடையில் கிடைத்தது. வரைவில் ஓரிடத்தில் 3,664 டன், இன்னோரிடத்தில் 3,606 டன், தகவற்சட்டத்தில் 4,268 டன். பார்க்கிற யாரும் மூன்றில் இரண்டு தவறு என்றுதான் நினைப்பார்கள், இப்படிப்பட்ட இடத்தில் ஒருவர் ஒன்றை மாற்ற, மற்றவர் அதை மீளமைக்க, சண்டை தொடங்கிவிடும். மூன்றுமே சரி. 3,664 என்பது மெட்ரிக் டன், அதாவது 1,000 கிலோ கணக்கு. அதே எடையைப் பிரித்தானியர் பயன்படுத்திய நீள டன்னில், 1,016 கிலோ கணக்கில் சொன்னால் 3,606. 4,268 மெட்ரிக் டன் என்பது நிலக்கரி, குண்டு, தண்ணீர் எல்லாம் ஏற்றிய முழுச் சுமையில் இருக்கும் எடை. அமெரிக்க நூல்களைப் பார்க்கிறவர்களுக்கு 907 கிலோ கொண்ட குறு டன்னும் உண்டு, அதையும் மனதில் வைக்க வேண்டும். இப்போது கட்டுரையில் எந்த டன், எந்த நிலையில் என்று ஒவ்வொரு இடத்திலும் சொல்லியிருக்கிறோம். "டன்" என்று மட்டும் எழுதிய எந்த வரியையும் இனி நம்புவதாக இல்லை.

அலகு மாற்றுவதற்கு, விக்கியில் தயாராக இருக்கும் மாற்று வார்ப்புருவையே பயன்படுத்துங்கள். நூலில் எந்த அலகு இருக்கிறதோ அதை உள்ளே கொடுத்து, மற்றதை அது கணக்கிடட்டும். சென்னைக்கு எம்டன் சுமார் 3,000 கெஜம் வரை நெருங்கியது என்று நூல் சொல்கிறது, அதை யாரோ கணிப்பானில் பெருக்கி "2,743 மீட்டர்" என்று எழுதியிருந்தார்கள். இரவில் கண்ணால் மதிப்பிட்ட தூரத்துக்கு மீட்டர்க் கணக்கில் துல்லியம் வராது. வார்ப்புரு 2,700 என்று முழுமையாக்கித் தருகிறது, அதுதான் நியாயம். வேகத்துக்கும் அப்படியே, 23.5 கடல்மைல் வேகம் என்றால் மணிக்குச் சுமார் 43.5 கிலோமீட்டர், அதற்கு மேல் தசமம் வேண்டாம்.

அடுத்தது தேதி. 1914 அக்டோபர் 28 அன்று எம்டன் பினாங்கு துறைமுகத்துக்குள் புகுந்து ரஷ்யக் குரூசர் வகைப் போர்க்கப்பல் ஜெம்சூக்கை மூழ்கடித்தது. ரஷ்யப் பக்கத்து ஆவணங்களைத் தொட்டதும் அதே நிகழ்ச்சி அக்டோபர் 15 என்று வருகிறது. ரஷ்யா அப்போது பழைய ஜூலியன் நாட்காட்டியில் இருந்தது, 13 நாள் வித்தியாசம். இதை அறியாமல் சேர்த்தால் ஒரே கப்பல் இரண்டு முறை மூழ்கிவிடும். பதிவேட்டில் "எந்த நாட்காட்டி" என்று ஒரு கட்டம் சேர்த்தோம். நேரத்துக்கும் அப்படி ஒன்று தேவைப்பட்டது, ஏனென்றால் எம்டன் கடைசியாக ஆஸ்திரேலியக் குரூசர் சிட்னியிடம் தோற்ற கோகோஸ் தீவுகளின் உள்ளூர் நேரம் உலகப் பொது நேரத்தைவிட ஆறரை மணி முன்னால் இருக்கிறது, நூல்கள் எல்லாமே ஒரே கடிகாரத்தில் பேசுவதில்லை. அந்தச் சண்டையில் காலை 9:40 வாக்கில் சுடத் தொடங்கியது, 11:20 வாக்கில் எம்டன் நார்த் கீலிங் தீவின் பவளப்பாறையில் ஏறியது என்பதை உள்ளூர் நேரம் என்று குறிப்பிட்டே எழுதினோம்.

நூல்கள் எங்கே கிடைத்தன என்று பலர் கேட்கிறார்கள். பழைய பிரித்தானிய, ஆஸ்திரேலிய அரசு வரலாறுகள் இன்டர்நெட் ஆர்க்கைவில் முழுமையாக இருக்கின்றன. ஆஸ்திரேலியச் செய்தித்தாள்கள் ட்ரோவ் தளத்தில் இலவசம். ஆய்விதழ்களுக்கு விக்கிப்பீடியா நூலகம் இருக்கிறது: கணக்குக்கு ஆறு மாதம் ஆகியிருக்க வேண்டும், 500 தொகுப்புகள் இருக்க வேண்டும், கடந்த 30 நாளில் 10 தொகுப்பாவது செய்திருக்க வேண்டும், தடை எதுவும் இருக்கக் கூடாது. இந்தத் தகுதி தமிழ் விக்கியில் எழுதுகிற பலருக்கு ஏற்கெனவே இருக்கிறது, தெரியாமல் விட்டுவிடுகிறார்கள் என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம். பணமாக எதுவும் செலவாகவில்லை. நேரம்தான் செலவு, அதிலும் எழுதுவதைவிடப் பக்கம் தேடுவதில்தான் அதிகம் போயிற்று.

ஒரு எச்சரிக்கை. பழைய அச்சைக் கணினி படித்துத் தரும் எழுத்தை நம்பி எண் எடுக்காதீர்கள். செய்தித்தாளில் 3 எல்லாம் 8 ஆகிவிடும். ஜெர்மன் நூல்கள் பழைய கோதிக் எழுத்தில் அச்சானவை, அதில் நீண்ட எஸ் எழுத்தை எஃப் என்று கணினி படிக்கும். தேடுவதற்கு எழுத்து, மேற்கோளுக்குப் பக்கத்தின் படம் என்று வைத்துக்கொண்டோம்.

செப்டம்பர் 22 இரவு

எண்கள் அமைந்த பிறகு உரைக்கு வந்தோம். ஜெர்மனியின் கிழக்காசியக் கடற்படைப் பிரிவிலிருந்து ஆகஸ்ட் நடுவில் பசிபிக்கின் பேகன் தீவருகே பிரிந்தது, மார்கோமானியா என்ற நிலக்கரிக் கப்பலுடன் இந்தியப் பெருங்கடலுக்குள் வந்தது, செப்டம்பர் 10 முதல் வங்காள விரிகுடாவில் வணிகக் கப்பல்களைப் பிடித்தது என்ற பகுதிகள் வேகமாகவே முடிந்தன. எங்கள் வேலை தடைபட்டு நின்றது, செப்டம்பர் 22 இரவு எம்டன் சென்னையைத் தாக்கியதைச் சொல்லும் பகுதியில்தான்.

அன்றிரவு எம்டன் சுட்ட குண்டுகள் எத்தனை? 125 என்று ஒரு வரிசை நூல்கள், 130 என்று இன்னொரு வரிசை. எங்களில் ஒருவர் பெரிய எண்ணைப் போடலாம் என்றார், ஒருவர் புதிய நூலை நம்பலாம் என்றார். நூல்கள் ஒத்துப்போகாத இடத்தில் நாம் நீதிபதி ஆக முடியாது, சராசரி எடுப்பதோ இன்னும் மோசம், எந்த நூலிலும் இல்லாத ஓர் எண்ணை நாமே உண்டாக்குவது அது. "125 முதல் 130 வரை" என்று எழுதி இரண்டுக்கும் தனித்தனி அடிக்குறிப்பு வைத்தோம். எரிந்தவை பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள், இறந்தவர்கள் குறைந்தது ஐந்து பேர் என்று எழுதினோம். கோகோஸ் சண்டையில் எம்டனில் இறந்தவர்கள் விஷயத்திலும் இதே கதை, 133 என்றும் 134 என்றும் வருகிறது. இறந்தோர், காயம்பட்டு அப்புறம் இறந்தோர், காணாமல் போனோர் என்று ஒவ்வொரு நூலும் வேறு வேறு விதமாகப் பிரிப்பதால் ஒன்றிரண்டு வேறுபாடு போர் வரலாற்றில் சாதாரணம். இரண்டையும் காட்டுவதே நேர்மை.

இனி, தொடக்கத்தில் சொன்ன, எல்லோரும் நம்புகிற ஆனால் ஆதாரம் கிடைக்காத அந்தச் செய்தி. வெளிநாட்டில் இருந்து இந்திய விடுதலைக்கு உழைத்த செண்பகராமன் பிள்ளை எம்டனில் இருந்தார், சென்னையைத் தாக்க அவரே வழிகாட்டினார் என்பது தமிழில் பல இடங்களில் அச்சாகியிருக்கிறது. கட்டுரையின் வரலாற்றுப் பக்கத்தைத் திறந்தாலே தெரியும், ஒருவர் சேர்ப்பார், ஒருவர் நீக்குவார், இருவரும் தொகுப்புச் சுருக்கத்தில் காரணம் எழுதியிருக்க மாட்டார்கள். சேர்ப்பவர்கள் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை, அவர் மேல் உள்ள மரியாதையால் செய்கிறார்கள். அதனால் வெறுமனே அழிப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

ஒவ்வொரு மேற்கோளையும் பிடித்துப் பின்னால் போனோம். ஒரு கட்டுரை ஒரு நூலைக் காட்டும், அந்த நூல் இன்னொரு நூலைக் காட்டும், நாங்கள் போன தூரம் வரை கப்பல் ஆட்களின் பட்டியலிலோ கப்பலில் இருந்தவர்கள் எழுதிய நினைவுக் குறிப்புகளிலோ போய் முடிகிற சங்கிலி ஒன்றுகூட இல்லை. இன்னொரு பக்கம், அவருடைய வாழ்க்கை வரலாறு 1914 செப்டம்பரில் அவரைச் சூரிச்சில் காட்டுகிறது, அங்கே இந்திய விடுதலைக்கு ஆதரவான அனைத்துலகக் குழுவை அமைக்கிறார், அக்டோபரில் பெர்லினுக்குப் போய் அங்கிருந்த இந்தியர் குழுவோடு சேர்கிறார். எம்டன் ஆகஸ்ட் முதல் வாரத்தில் சீனக் கரையிலிருந்து கிளம்பியது, அதன்பின் ஐரோப்பாப் பக்கமே போகவில்லை.

இரண்டையும் பக்கத்தில் வைத்தால் முடிவு தெரிகிறது. ஆனால் அந்த முடிவை நாங்களே கட்டுரையில் எழுதினால் அது சொந்த ஆய்வு, விக்கிப்பீடியா அதை ஏற்காது. பேச்சுப் பக்கத்தில் இதற்குத்தான் மிக நீண்ட உரையாடல் நடந்தது. கடைசியில் செய்தது இது: கப்பலின் பயணத்தைச் சொல்லும் பகுதியில் அவர் பெயர் வராது. "மக்கள் நினைவில்" என்ற பகுதியில், இப்படி ஒரு செய்தி பரவலாகச் சொல்லப்படுகிறது என்று, சொல்கிற நூல்களின் பெயரோடு எழுதினோம். அடுத்த வாக்கியத்தில், அதற்குச் சான்று இல்லை என்று எழுதிய வரலாற்று ஆசிரியர்களை அவர்கள் பெயரோடு வைத்தோம். சூரிச், பெர்லின் தேதிகள் அவரைப் பற்றிய தனிக் கட்டுரையில் முறையான மேற்கோளோடு இருக்கின்றன, உள்ளிணைப்பு அங்கே கொண்டுபோகும். 1891 இல் திருவனந்தபுரத்தில் பிறந்து, 1934 இல் ஜெர்மனியிலேயே இறந்துபோன அந்த மனிதர் இந்திய விடுதலைக்காக அந்நிய மண்ணில் செய்த வேலைக்கு ஒரு போர்க்கப்பலின் துணை தேவையில்லை. இதைப் பேச்சுப் பக்கத்தில் எழுதியபோதுதான் சேர்த்துக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் ஒப்புக்கொண்டு, தனிக் கட்டுரையை விரிவாக்க வந்தார். இந்த வேலையில் எனக்கு மிகவும் நிறைவு தந்தது அதுதான்.

எம்டனின் கேப்டன் கார்ல் ஃபொன் முல்லர் பற்றிய பகுதியிலும் இதேபோல் ஒரு சீரமைப்பு. வரைவில் "பெருந்தன்மை மிக்க", "மாவீரர்" போன்ற அடைமொழிகள் நிறைய. எல்லாவற்றையும் எடுத்துவிட்டு நடந்ததை மட்டும் வைத்தோம்: வணிகக் கப்பலை மூழ்கடிக்கும் முன் அதிலிருந்தவர்களை இறக்கினார், பிடிபட்டவர்களைக் கபிங்கா என்ற கப்பலில் ஏற்றி அனுப்பினார். வாசகர் அதிலிருந்து தானே முடிவுக்கு வரட்டும். சென்னையில் இறந்தவர்களும் ஜெம்சூக்கின் மாலுமிகளும் அதே கட்டுரையில் இருக்கிறார்கள் அல்லவா, அடைமொழி ஒரு பக்கம் மட்டும் சாயும்.

படங்கள்

விக்கிமீடியாவின் படக் கிடங்கான பொதுவகத்தில் எம்டன் என்று தேடினால் வருவதில் பாதி வேறு கப்பல்கள். முதல் எம்டனின் பெயரை 1916 இல் இன்னொரு குரூசருக்கு வைத்தார்கள், 1925 இல் மூன்றாவது ஒன்றுக்கு. மூன்றாவதுக்குப் புகைபோக்கி இரண்டுதான், எளிதில் பிரிந்துவிடும். இரண்டாவதுக்கு முதலாவதைப் போலவே மூன்று, ஆனால் அதன் முகப்பில் பெரிய இரும்புச் சிலுவைச் சின்னம் இருக்கும், பீரங்கிகளும் 15 சென்டிமீட்டர். முதல் எம்டனில் இருந்தவை பத்து 10.5 சென்டிமீட்டர் பீரங்கிகள். இந்தியப் பெருங்கடல் பயணத்தில் பிரித்தானியக் கப்பல் யார்மவுத் போலத் தெரிவதற்காக நான்காவது புகைபோக்கி ஒன்றைப் போலியாக நிறுத்தினார்கள் என்பதால் புகைபோக்கியை மட்டும் எண்ணி முடிவு செய்யவும் முடியாது.

ஜெர்மன் கூட்டாட்சி ஆவணக்காப்பகம் 2008 டிசம்பரில் பெருந்தொகையான படங்களைப் பொதுவகத்துக்குக் கொடுத்தது. அதிலிருந்து எடுக்கும்போது படத்தின் கீழுள்ள பழைய விளக்கத்தை அப்படியே மொழிபெயர்க்க வேண்டாம், அவை பிழையாகவோ சார்பாகவோ இருக்கலாம் என்று காப்பகமே எச்சரிக்கிறது. பாறையில் ஏறிய சிதைந்த கப்பலுக்கு ஆஸ்திரேலியர்கள் எடுத்த படங்கள் சிறந்தவை. 1955 க்கு முன் எடுத்த ஒளிப்படங்களுக்கு அந்த நாட்டில் பதிப்புரிமை முடிந்துவிட்டது.

தகவற்சட்டம், அப்புறம் பரிசோதனை

தகவற்சட்டத்தை முழுவதும் அழித்துவிட்டுக் கடைசியில் புதிதாக நிரப்பினோம். பதிவேட்டில் இருக்கும் எண் மட்டுமே அதில் போகும், உரையில் இல்லாத எதுவும் போகாது என்று விதி. கோகோஸ் சண்டைக்கான "முடிவு" என்ற இடத்தில் "ஆஸ்திரேலிய வெற்றி" என்று மட்டும். "தீர்க்கமான", "மகத்தான" எதுவும் இல்லை, ஆங்கில விக்கியின் போர் வரலாற்றுத் திட்டமும் அந்த இடத்தில் அடைமொழி வேண்டாம் என்றே சொல்கிறது. கொடியிலும் கவனம் தேவை. ஜெர்மனி என்று மட்டும் கொடுத்தால் இன்றைய கொடி வந்து நிற்கும், ஜெர்மன் பேரரசு என்று கொடுக்க வேண்டும். சிட்னி கப்பலுக்கு இன்றைய ஆஸ்திரேலியக் கடற்படைக் கொடியை யாரோ போட்டிருந்தார்கள், அது 1967 இல்தான் வந்தது, அதற்கு முன் பிரித்தானிய வெள்ளைக் கொடியே.

சண்டை ஏன் அப்படி முடிந்தது என்பதற்கு நீண்ட விளக்கம் எழுதாமல் பீரங்கிகளை மட்டும் ஒப்பிட்டு வைத்தோம்: சிட்னியின் எட்டு ஆறு அங்குலப் பீரங்கிகளின் குண்டு ஒவ்வொன்றும் சுமார் 45 கிலோ, எம்டனுடையது 16–17 கிலோ. சிட்னியில் இறந்தவர்கள் நால்வர். இவ்வளவு போதும்.

பரிசோதனைக்கு ஆங்கில விக்கியின் அந்தப் போர் வரலாற்றுத் திட்டத்தில் பி என்ற கட்டுரைத் தரத்துக்கு வைத்திருக்கும் ஐந்து கேள்விகளையே எடுத்துக்கொண்டோம்: மேற்கோள் உண்டா, முக்கியமானது எதுவும் விடுபட்டிருக்கிறதா, அமைப்பு சரியா, மொழி சரியா, படம் வரைபடம் தகவற்சட்டம் உண்டா. முதல் கேள்விக்கு வெறும் "உண்டு" போதாது என்று, ஒருவர் எழுதிய பகுதியிலிருந்து இன்னொருவர் கண்ணுக்குப் பட்ட அடிக்குறிப்புகளை எடுத்து நூலைத் திறந்து ஒப்பிட்டோம். பக்கம் தள்ளிப்போனவை சில கிடைத்தன, பெரும்பாலும் ஒரே நூலின் வேறு பதிப்பைப் பயன்படுத்தியதால் வந்தவை. பதிப்பு ஆண்டையும் பதிவேட்டில் எழுதியிருந்தால் இந்த வேலை மிச்சமாகியிருக்கும்.

அடுத்த முறை மாற்றப்போவது சில இருக்கின்றன. பதிவேடு எங்கள் கணினிகளில் இருப்பதற்குப் பதில் பேச்சுப் பக்கத்தின் துணைப்பக்கமாக முதல் நாளிலிருந்தே இருக்கும், எண்ணை மாற்ற வருகிறவர் அங்கேயே பார்த்துவிடலாம். ஆசிரியர், ஆண்டு, பக்கம் மட்டும் தரும் சுருக்க அடிக்குறிப்பு வார்ப்புருவைத் தொடக்கத்திலேயே போட வேண்டும், நீள மேற்கோள்களைக் கடைசியில் மாற்றியதில் நூல் பட்டியலோடு இணையாத சிவப்புப் பிழைகள் வரிசையாக வந்தன. இணையப் பக்கங்களை மேற்கோளில் சேர்க்கும்போதே இணையப் பக்கங்களின் நகலைக் காக்கும் வேபேக் மெஷினில் சேமித்து அந்த இணைப்பையும் கொடுக்க வேண்டும். பெரிய கப்பலில் தொடங்காமல் ஒரு சிறு நிகழ்ச்சியில் தொடங்கினால் புதியவர்களுக்கும் பிடி கிடைக்கும்.

அப்படி அடுத்து எடுத்திருப்பது, கோகோஸ் சண்டை நடந்தபோது கரையில் இருந்த எம்டன் அதிகாரி ஹெல்முத் ஃபொன் மூக்கேயின் பயணம். டைரக்‌ஷன் தீவில் தந்தி நிலையத்தை அழிக்க இறங்கிய சுமார் ஐம்பது பேருடன் அயேஷா என்ற பாய்க்கப்பலைப் பிடித்துச் சுமத்ராவின் பாடாங் போய், அங்கிருந்து அரேபியக் கரையில் இறங்கி, 1915 மே மாதம் கான்ஸ்டான்டிநோபிள் சேர்ந்தார்கள். ஒட்டோமான் ஆவணங்களில் ரூமி நாட்காட்டி, ஹிஜ்ரி நாட்காட்டி இரண்டுமே வரும் என்பதால் பதிவேட்டில் இப்போதே இரண்டு கட்டங்கள் கூட்டியிருக்கிறோம். ஒட்டோமான் துருக்கி படிக்கத் தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் பேச்சுப் பக்கத்துக்கு வாருங்கள்.